ஊவாவின் தேயிலைப் பெட்டி: ஈயத்தகட்டிலிருந்து இலைச்சாற்றுப் படலம் வரை

இலங்கைத் தேயிலையின் வரலாற்றை எழுதியோர் செடியைப் பற்றி எழுதினர். துரைமாரைப் பற்றி எழுதினர். காலந்தாழ்ந்தேனும் தொழிலாளரைப் பற்றியும் எழுதினர். அந்தத் தேயிலையை ஏழு கடல் தாண்டிக் கொண்டுசென்ற பெட்டியைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. பதுளை மாவட்டத்தின் எந்தத் தோட்டத்து ஸ்டோரிலும் ஒரு காலத்தில் மலைபோல் அடுக்கிக் கிடந்த அந்தப் பெட்டிகள் இன்று காணக்கிடைப்பதில்லை. அவற்றின் கதையும் அவற்றோடு மறைந்துவிட விடலாகாது என்பதனால் இக்கட்டுரை.

இதை இப்போது எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. உணவைப் பொதி செய்யும் துறையில் அண்மைக் காலத்தில் நடைபெறும் ஆய்வுகளில் தேயிலை எதிர்பாராத ஓரிடத்தைப் பெற்றுள்ளது. இறால் ஓடு, மரக்கூழ், மாப்பொருள் போன்ற உயிர்ப்பொருள்களிலிருந்து மெல்லிய படலம் செய்து, அதனுள் தேயிலைச் சாற்றைக் கலந்து, அச்சாறு சிறிது சிறிதாக வெளிப்பட்டு உள்ளே இருக்கும் உணவைக் கெடாமல் காக்கும்படி செய்கின்றனர். நூற்றைம்பது ஆண்டுகளாக உறையால் காக்கப்பட்ட இலை, இப்போது தானே உறையாகிப் பிற உணவைக் காக்கப் புறப்பட்டிருக்கின்றது. இந்த மாற்றத்தின் பொருளை உணர வேண்டுமானால் பழைய பெட்டியின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கச்சான் காற்றும் ஊவாவின் வாசமும்

1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது ஊவா கோப்பி நாடாகவே இருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1869 இல், கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துரு படிந்த செய்தி ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலிருந்தே முதலில் வந்தது. அந்நோய் பரவக் கோப்பி அழிந்தது. 1880களில் அதே மலைகளில் தேயிலை ஏறியது. 1883 இல் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடந்தது. 1886 இல் ஊவா தனி மாகாணமாயிற்று.

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப்பெயர் தந்தது காற்று. தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சானாக ஊவாவுக்குள் இறங்குகின்றது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அந்த மாதங்களில் நீர் குறைந்து வாடும் செடி, தன் இலையில் சில மணப்பொருள்களை மிகுதியாகச் சேர்க்கின்றது. அவற்றுள் ஒன்று மெதயில் சலிசிலேற்று. மூட்டுவலித் தைலங்களைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் அதே மணம், மிக மெல்லிய அளவில் ஊவாத் தேநீரில் இருப்பதைச் சுவைஞர்கள் இனங்கண்டு விலை தருகின்றனர்.

இம்மணம் எளிதில் ஆவியாகிவிடும் என்பதே தொல்லை. உலர்த்தியிலிருந்து வெளிவரும் தேயிலையில் ஏறக்குறைய 3 சதவீத ஈரமே உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அது 7 சதவீதத்தைத் தாண்டினால் மணம் மங்கிப் பூஞ்சணமும் பிடிக்கக்கூடும். அத்துடன் அருகிலுள்ள எந்த வாடையையும் தேயிலை தனதாக்கிக்கொள்ளும். மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் தேயிலைத் தூளை வைத்த எந்தக் குடும்பத்தலைவிக்கும் இவ்வுண்மை தெரியும்.

இத்தகைய பொருளை பதுளையிலிருந்து லண்டனுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. புகையிரதப் பாதை 1885 இல் நானுஓயாவையும் 1893 இல் அப்புத்தளையையும் 1894 இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளைக்கு அது வந்து சேர்ந்ததோ 1924 இல். அதுவரை பதுளை, பசறை, மடுல்சீமைத் தோட்டங்களின் தேயிலை மாட்டுவண்டிகளில் மலையேறிப் பண்டாரவளை நிலையத்தை அடைய வேண்டியிருந்தது. அதன்பின் கொழும்புக் களஞ்சியம். அதன்பின் பல வாரக் கப்பற் பயணம். இவ்வளவையும் தாங்குவதற்கு ஒரு பெட்டி வேண்டும்.

ஈயமும் மோமி மரமும்

முதற் பெட்டிகளின் வடிவம் சீனத்திலிருந்து வந்தது: வெளியே மரம், உள்ளே ஈயத்தகடு. சீனர்கள் காகிதம் போர்த்திய இரு கற்களுக்கிடையே உருக்கிய ஈயத்தை ஊற்றி அழுத்தி மெல்லிய தகடாக்கினர். அதே முறையில் மரப்பெட்டியின் உட்புறத்தில் ஈயத்தகடு பொருத்தி, தேயிலை நிரப்பி, மேல்தகட்டை வைத்துப் பற்றாசு கொண்டு மூடும் வழக்கம் இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்தது. ஈயம் நஞ்சு என்பது அன்றும் அறியப்படாத செய்தியன்று. ஆனால் ஈரத்தை அவ்வளவு உறுதியாகத் தடுக்கக்கூடிய, கையால் வளைக்கக்கூடிய, மலிவான தகடு வேறெதுவும் அக்காலத்தில் இருக்கவில்லை.

மரத்திலும் சிக்கல் இருந்தது. காட்டில் வெட்டிய பச்சைமரத்தை முறையாக உலர்த்தாமல் பெட்டியாக்கினால், அதிலிருந்து எழும் காடி ஆவி ஈயத்தை அரித்துவிடும்; மரத்தின் வாடையும் தேயிலையில் ஏறும். ஆகவே வாடை குறைந்த ஜப்பானிய மோமி மரத்துண்டுகள் கப்பலில் வரவழைக்கப்பட்டுத் தோட்டங்களில் பெட்டியாகப் பொருத்தப்பட்டன. மலையைச் சுற்றிலும் காடு நின்றிருக்க, பெட்டிக்கு ஜப்பானில் மரம் தேடிய காலம் அது.

இங்கிலாந்தின் சில்லறைக் கடைகளில் வேறொரு மாற்றம் முன்னரே தொடங்கியிருந்தது. பெட்டியைத் திறந்து அள்ளி நிறுத்து விற்ற காலத்தில் கலப்படம் மலிந்திருந்தது. 1826 இல் ஜோன் ஹோர்னிமன் என்பவர் முத்திரையிட்ட பொதிகளில் தேயிலையை விற்கத் தொடங்கினார். அந்த வழியைப் பெருந்தொழிலாக்கியவர் தோமஸ் லிப்டன். 1890 இல் இலங்கை வந்த அவர் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். ஆலையை அங்கே அமைத்தார். பொதி செய்யும் வேலையையும் தம் பெயரையும் இங்கிலாந்தில் வைத்துக்கொண்டார். ஊவாவின் கொழுந்து ஊவாவின் பெயரை விட்டு ஒரு வணிகரின் பெயரைத் தாங்கிய மஞ்சள் பொதிக்குள் புகுந்தது. தேயிலையின் விலையில் பெரும்பங்கு யாரிடம் போய்ச் சேரும் என்பதை, கடைசி உறையைச் சுற்றுபவரே தீர்மானிக்கிறார் என்ற பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

எஸ்தோனியாவிலிருந்து வந்த பலகை

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மோமி மரத்துக்குப் போட்டியாக ஒட்டுப்பலகை வந்தது. எஸ்தோனியாவின் தாலின் நகரில் இருந்த லூதர் குடும்பத்தின் ஆலை, மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே ஒட்டி இலகுவான, உறுதியான பலகை செய்தது. அதை லண்டனிலிருந்து விற்ற நிறுவனத்தின் பெயர் வெனெஸ்டா. மர ஏட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் எஸ்தோனியாவையும் சேர்த்துக் கட்டிய பெயர் அது. 1907 இல் தென்துருவம் நோக்கிப் புறப்பட்ட ஷாக்கிள்டன் குழுவினர் தம் பொருள்களை இந்த வெனெஸ்டாப் பெட்டிகளிலேயே கொண்டுசென்றனர். அங்கே பனிக்குள் அச்சிட்ட நூலுக்கு அட்டையாகவும் அப்பலகையையே பயன்படுத்தினர். பனிப்பாலைக்குச் சென்ற அதே வகைப் பலகையே ஊவாவின் ஸ்டோர்களுக்கும் வந்தது.

ஒட்டுப்பலகை புதிய தொல்லையொன்றையும் கொண்டுவந்தது. ஏடுகளை ஒட்டப் பாற்புரதமாகிய கேசின் பசை பயன்பட்டது. பசை சரியாகக் காயாவிட்டால் அதன் வாடை ஈயத்தாளின் பொத்தல் வழியே தேயிலைக்குள் நுழையும். தேயிலைச் சுவைஞர்களின் சொற்களுள் ‘பாற்கட்டி வாடை’ என்ற பொருள்படும் ஒரு குறைச்சொல் இன்றும் உண்டு. அது தோட்டத்தின் குறையன்று, பெட்டியின் குறை. ஆனால் ஏலத்தில் விலை குறைந்தது தோட்டத்தின் தேயிலைக்கே.

இவ்வரலாற்றில் நான் முதன்மையாகக் கருதுவது இதையே. உறை என்பது சும்மா இருக்கும் பொருளன்று. உள்ளே இருப்பதற்கு அது எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கும். ஈயம் கொடுத்தது ஒன்று, பச்சைமரம் கொடுத்தது ஒன்று, பசை கொடுத்தது ஒன்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பெட்டி செய்வோரின் முயற்சியெல்லாம் உறையை ஊமையாக்குவதிலேயே கழிந்தது. ஈயம் போய் அலுமினியத்தாள் வந்ததும் அம்முயற்சியின் ஒரு படிதான்.

கிந்தோட்டையும் சிங்கராஜ வனமும்

இரண்டாவது உலகப்போர் கப்பற் பாதைகளைக் குலைத்தபோது பலகை வருவதும் தடைப்பட்டது. தேயிலை இருந்தும் பெட்டி இல்லாவிட்டால் ஏற்றுமதி இல்லை. அக்காலத்திலேதான் காலிக்கு அருகே கிந்தோட்டையில் அரசாங்க ஒட்டுப்பலகை ஆலை எழுந்தது. தென்னிலங்கையின் மழைக்காட்டு மரங்கள் மலைநாட்டுத் தேயிலையின் சட்டையாயின.

அதற்கான விலை பின்னர் தெரியவந்தது. ஒட்டுப்பலகைத் தேவைக்காக 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜ வனத்தின் ஒரு பகுதியில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டத் தொடங்கினர். இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் எழுப்பிய எதிர்ப்பினால் 1977 இல் அது நிறுத்தப்பட்டது. 1978 இல் அவ்வனம் உயிர்க்கோள ஒதுக்கமாகவும் 1988 இல் உலக மரபுரிமையாகவும் ஏற்கப்பட்டது. மலைநாட்டில் தேயிலைக்காகக் காடழிந்த கதையைப் பலரும் சொல்வர். தேயிலைப் பெட்டிக்காகவும் காடழிந்தது என்பதை நினைப்போர் குறைவு.

அடுத்துப் பல மடிப்புக் காகித உறைகள் வந்தன. அலுமினியத்தாள் உள்ளொட்டிய அவ்வுறைகள் பாரம் குறைந்தவை, தட்டையாக அடுக்கத்தக்கவை. 1990களில் மரப்பெட்டி தோட்டங்களிலிருந்து பெரும்பாலும் விடைபெற்றுவிட்டது.

லயத்துக்குள் வந்த பெட்டி

வெளிநாட்டில் வெறுமையான பெட்டிகளுக்கு மறுவாழ்வு இருந்தது. இங்கிலாந்தில் வீடு மாறுவோர் அவற்றில் பாத்திரம் அடுக்கினர். 1950களில் இளைஞர்கள் அதில் ஒரு கழியும் கயிறும் பொருத்தி இசைக்கருவி செய்தனர். பின்னாளில் பீட்டில்ஸ் ஆகிய லிவர்பூல் இளைஞர்களின் முதற் குழுவிலும் தேயிலைப் பெட்டி வாத்தியம் இருந்தது.

நம் லயங்களிலும் உடைந்த பெட்டிகளின் பலகைகள் நுழைந்தன. நான் சிறுவனாயிருந்த காலத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையை இரண்டாகப் பிரிக்கும் தட்டியாக, அரிசி வைக்கும் பெட்டியாக, பிள்ளைகள் எழுதும் மேசையாக அப்பலகைகளைக் கண்டிருக்கிறேன். அதன்மேல் தோட்டத்தின் பெயரும் தரமும் நிறையும் கறுப்பு மையில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆங்கில எழுத்தை அந்தப் பலகையில் முதன்முதலாகக் கூட்டி வாசித்த பிள்ளைகள் எங்கள் தலைமுறையில் பலர். அப்பெட்டிக்குள் சென்ற தரமான தேயிலையை அவர்களின் பெற்றோர் அருந்தியதில்லை. தொழிலாளருக்குத் தோட்டம் வழங்கியது தூள். ரோதைமுனிக்குப் படையலிட்டு இயந்திரம் ஓட்டியவர்களின் அடுப்பில் கொதித்ததும் அந்தத் தூளே.

காக்கப்பட்டது காவலாகிறது

இனி இன்றைய ஆய்வுக்கு வருவோம். எண்ணெயும் கொழுப்பும் கலந்த உணவு நாளடைவில் காறுவதற்குக் காரணம் ஒட்சியேற்றம். காற்றிலுள்ள ஒட்சிசன் கொழுப்பைத் தாக்கும்போது உண்டாகும் நிலையற்ற மூலக்கூற்றுத் துண்டுகள் அடுத்த மூலக்கூற்றைத் தாக்கும். அது அதற்கடுத்ததைத் தாக்கும். இப்படிச் சங்கிலியாகத் தொடரும். அச்சங்கிலியை அறுக்கவல்ல பொருள்களே ஒட்சியேற்ற எதிரிகள். அவை தம்மிடமுள்ள ஓர் ஐதரசன் அணுவைக் கொடுத்து, தாக்க வரும் துண்டைச் சாந்தப்படுத்திவிடும். தேயிலைக் கொழுந்தின் கட்டெச்சின்கள் இவ்வகையில் வல்லவை. 1929 இல் பச்சைத் தேயிலையிலிருந்து கட்டெச்சினைப் பிரித்தெடுத்தவர் மிச்சியோ சுஜிமுரா என்ற ஜப்பானியப் பெண் விஞ்ஞானி. கறுப்புத் தேயிலைக்காகக் கொழுந்தை அரைத்துப் பரப்பி வைக்கும்போது இக்கட்டெச்சின்களே உருமாறி, தேநீருக்கு நிறமும் துவர்ப்பும் தருகின்றன. அந்த உருமாற்றப் பொருள்களும் ஒட்சியேற்றத்தை எதிர்ப்பவையே.

படலத்தின் மூலப்பொருளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1811 இல் ஹென்றி பிரக்கொனோ காளானிலிருந்து கைற்றின் என்ற பொருளைப் பிரித்தார். இறால், நண்டு ஓடுகளிலும் உள்ள அப்பொருளைக் காரத்தில் கொதிக்கவைத்தால் அது கரையத்தக்கதாக மாறுவதை 1859 இல் சார்ள் ரூஜே கண்டார். அதுவே கைற்றோசான். மென் அமிலத்தில் கரைத்துத் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடித்தாள் போன்ற படலம் கிடைக்கும். 2010 இல் பாங்கொக்கின் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் உபொன்ரத் சிரிபத்ரவன், ஓர் அமெரிக்க ஆய்வாளருடன் சேர்ந்து, பச்சைத் தேயிலைச் சாறு கலந்த கைற்றோசான் படலத்தின் பண்புகளை வெளியிட்டார். பின்னர் அத்தகைய படலத்தைப் பன்றியிறைச்சிச் சொசேஜில் சோதித்தனர். பல நாடுகளில் இவ்வழியில் ஆய்வுகள் தொடர்கின்றன.

இதன் சிறப்பு மெதுவாகக் கொடுப்பதில் உள்ளது. காப்புப்பொருளை உணவில் நேரே கலந்தால் அது தொடக்கத்திலேயே செலவழிந்துவிடும். படலத்தில் வைத்தாலோ, உணவின் ஈரம் பட்டுப் படலம் சற்றே உப்ப, உள்ளிருக்கும் சாறு சிறிது சிறிதாகக் கசிந்து, காறல் தொடங்கும் மேற்பரப்பிலேயே வேலை செய்யும். ஈயமும் பசையும் வேண்டாததைக் கொடுத்த உறைகள். இதுவோ வேண்டியதை அளந்து கொடுக்கும்படி செய்த உறை.

நம் பாட்டிமாருக்கு இது முற்றிலும் புதிதன்று. வாட்டிய வாழையிலையில் கட்டிய சோறு இலையின் மணத்தை ஏற்பதை அவர்கள் அறிவர். ஊவாவின் சிங்களக் கிராமங்களில் குரக்கன் ஹலப்பையைக் கெந்த இலையில் மடித்து அவிப்பதும் அந்த இலையின் மணத்துக்காகவே. அந்த இடத்தைப் பின்னர் பொலித்தீன் ‘லஞ்ச் ஷீட்’ பிடித்துக்கொண்டது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் மாண்டபின், அதே ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி லஞ்ச் ஷீட் தடைசெய்யப்பட்டது. மட்கும் உறை வேண்டும் என்பது அதன்பின் நமது நாட்டிலும் வெறும் ஆய்வுகூடப் பேச்சாக இல்லை.

எனினும் மிகைப்படுத்தலாகாது. கைற்றோசான் படலம் நீரில் உப்பும். சுடுசோறும் குழம்பும் தாங்காது. தேயிலைச் சாறு சேர்ந்தால் படலம் பழுப்பேறும். அளவு மிஞ்சினால் உணவில் துவர்ப்பு ஏறும். சாற்றின் ஒரு பகுதி படலத்தின் இழைகளோடு பிணைந்து வெளிவராமலே நின்றுவிடுவதும் உண்டு. விலையோ பொலித்தீனைவிடப் பல மடங்கு அதிகம். சோற்றுப்பொதியைவிட, விலை உயர்ந்த மீன், இறைச்சி, பருப்பு வகைகளுக்கே இது முதலில் பயன்படக்கூடும்.

தராசில் கழியும் இலை

இப்படலத்துக்கான தேயிலைச் சாறு குடிக்கும் தேயிலையிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. சலித்தெடுத்த நாரும் தும்பும் கழிவுத் தேயிலையாகக் குவிகின்றன. அது மீண்டும் நல்ல தேயிலையுடன் கலந்துவிடாதிருக்கச் சட்டக் கட்டுப்பாடுகள் உள்ளன. கொழுந்து நிறுக்கும் இடத்திலும் கழிவு உண்டு. முற்றல் இலை என்றும், சாக்கின் நிறை என்றும், இலையின் ஈரம் என்றும் கூறித் தொழிலாளியின் நிறையிலிருந்து கிலோக் கணக்கில் கழிப்பது மலையகத்தின் பழைய மனக்குறை. பத்திரிகைப் பணியில் நான் சென்ற தோட்டங்கள் பலவற்றில் சம்பளத்துக்கு அடுத்தபடியாகப் பெண்கள் பேசிய விடயம் அந்தத் தராசைப் பற்றியதே. இளங்கொழுந்தைவிட முற்றல் இலையில் கட்டெச்சின் குறைவு என்றாலும், அது அறவே அற்ற இலையன்று.

தலவாக்கலையில் 1925 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேயிலை ஆராய்ச்சி நிலையமும், பசறையில் அதன் பிராந்திய நிலையமும் நம்மிடம் உள்ளன. இறால் ஓடு நமது கரைகளிலேயே குப்பையாகிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் இருக்கின்றது. 1980களில் மெரில் பெர்னாண்டோ தம் பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்து டில்மா என்ற பெயரில் தேயிலையை இங்கேயே பொதி செய்து உலகக் கடைகளுக்கு அனுப்பத் துணிந்தபோது, லிப்டன் காலத்துப் பாடத்துக்கு ஒரு மறுமொழி கிடைத்தது. சாற்றை மட்டும் பீப்பாயில் ஏற்றி அனுப்பிவிட்டு, படலத்தைப் பிறர் செய்து விற்பதைப் பார்த்திருந்தால், 1890 ஆம் ஆண்டின் கதையை இன்னொருமுறை எழுதியவர்களாவோம்.

அம்மறுமொழியிலும் கொழுந்து பறித்தவருக்குரிய பங்கு எழுதப்படவில்லை என்பதை மறக்கலாகாது. ஈயம், மோமி, ஒட்டுப்பலகை, காகிதம் என உறை பலமுறை மாறியும் லயத்து அறையின் அளவு மாறவில்லை. கழிவு இலைக்குச் சந்தையில் விலை உண்டாகும் நாள் வருமானால், அந்த இலையைத் தராசில் கழிப்பதற்கு எவருக்கும் நியாயம் இராது. கழிக்கப்படும் ஒவ்வொரு கிலோவும் தனிப்பதிவேட்டில் எழுதப்பட்டு, அதன் விலை பறித்தவரின் சம்பளச் சீட்டில் சேர்க்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் இக்கோரிக்கையைப் படலம் சந்தைக்கு வந்தபின் அன்றி, அதற்கு முன்னரே எழுப்ப வேண்டும்.